பம்பிங் எவ்வளவு?

எக்கோ அறைக்குள் வரும் தமிழர்கள் கேட்பது ஒரே கேள்விதான்: "பம்பிங் எவ்வளவு சார்?" எந்த ரத்தக்குழாய் அடைத்தது என்பது நினைவிருக்காது, என்ன மாத்திரை சாப்பிடுகிறார் என்பதும் தெரியாது, பம்பிங் மட்டும் தெரிந்தாக வேண்டும். 60 என்றால் முகம் வாடிவிடும், நூற்றுக்கு அறுபதுதானா என்று. நல்ல இதயமே ஒரு துடிப்பில் தனக்குள் இருக்கும் ரத்தத்தில் 55 முதல் 70 சதவீதம் வரைதான் வெளியே தள்ளும் என்று சொல்லிப் புரியவைக்க வேண்டும். 35 என்றால் சிலர் நிம்மதியாகிவிடுகிறார்கள். பத்தாம் வகுப்பில் 35 வாங்கினால் பாஸ் அல்லவா! எங்கள் தொழிலிலும் 35 ஒரு கோடுதான், ஆனால் அது வேறு பரீட்சை. மாரடைப்பு வந்து 40 நாள் கழிந்து, மருந்தெல்லாம் ஒழுங்காகச் சாப்பிட்டும் எண் அதைத் தாண்டாவிட்டால், திடீர் மரணத்தைத் தடுக்க நெஞ்சில் ஐ.சி.டி. கருவி வைப்பதைப் பற்றி டாக்டர் பேச்செடுப்பார்.

நான் டாக்டர் இல்லை, எக்கோ டெக்னீஷியன். சென்னையில் படித்துவிட்டு 2000-களின் தொடக்கத்தில் துபாய்க்கு வந்தவன். நம் ஊரில் பல இடங்களில் டாக்டரே ப்ரோபைக் கையில் எடுத்துவிடுவார். வளைகுடாவில் படம் எடுப்பதும் அளப்பதும் டெக்னீஷியன் வேலை. டாக்டர் பிறகு பார்த்து, திருத்த வேண்டியதைத் திருத்திக் கையெழுத்திடுவார். ஆக அந்த எண் முதலில் பிறப்பது என் கையில்தான். தோள்பட்டை வலியும் அதோடு சேர்ந்து பிறக்கும். எங்கள் தொழிலில் பத்து வருஷம் தாண்டியவர்களில் தோள் வலிக்காதவரைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

அறை இருட்டாக, ஏ.சி. குளிரில் விறைத்திருக்கும். வெளியே 45 டிகிரி வெயிலில் நின்றுவிட்டு வந்தவர் சட்டையைக் கழற்றி இடது பக்கம் ஒருக்களித்துப் படுக்கும்போது, நெஞ்சில் ஜெல்லை வைத்தால் துள்ளிவிடுவார். அடுத்து மூச்சை அடக்கச் சொல்ல வேண்டும். தமிழில், மலையாளத்தில், இந்தியில், அரபியில். பட்டாணியர் வந்தால் கையைக் காட்டி நானே மூச்சை அடக்கி நடித்துக்காட்டுவேன். நுரையீரல் விலகி நிற்கும் அந்தச் சில நொடிகளுக்குள் இதயத்தின் இரண்டு கோணங்களைப் பிடித்து, இடது கீழறையின் உள்விளிம்பைச் சுற்றிக் கோடு வரைய வேண்டும். விரிந்த நிலையில் ஒரு கோடு, சுருங்கிய நிலையில் ஒரு கோடு. மெஷின் இரண்டையும் கழித்துச் சதவீதம் தரும். கோடு ஒரு மில்லிமீட்டர் உள்ளே போனால் ஒரு எண், வெளியே போனால் வேறு எண். குண்டானவர், சிகரெட்டில் நுரையீரல் உப்பியவர் என்றால் அந்த விளிம்பே மங்கலாகத் தெரியும். பாதி பார்த்து, பாதி அனுபவத்தில் ஊகித்து வரைவதுதான்.

ஒரே நோயாளியை ஒரே நாளில் நல்ல அனுபவமுள்ள இரண்டு பேர் அளந்தால் 5 புள்ளி முன்னே பின்னே வரும். படம் சரியில்லை என்றால் அதற்கும் மேலே போகும். காலையில் ரத்த அழுத்தம் ஏறியிருந்தபோது எடுத்ததும், மாலையில் இறங்கியபின் எடுத்ததும் ஒன்றாக இருக்காது. இதை நோயாளிகளிடம் சொல்வதில்லை. இங்கே சொல்லக் காரணம், இதய மராமத்து ஊசிகளைப் பற்றி உலகம் முழுக்க நடந்த பெரிய பேச்செல்லாம் கடைசியில் இந்த 5 புள்ளிக்குள் வந்துதான் முட்டிக்கொண்டு நின்றது.

மாரடைப்பு எக்கோவில் எப்படித் தெரியும்? உயிருள்ள தசை ஒவ்வொரு துடிப்பிலும் உள்ளே வருவதோடு தடிக்கும். அந்தத் தடிப்பைத்தான் நாங்கள் தேடுவோம். முன்பக்கம் இறங்கும் எல்.ஏ.டி. குழாய் அடைத்தால் முன்சுவரும் நுனியும் அசையாமல் நிற்கும்; பக்கத்துச் சுவர்கள் இழுக்கிற இழுப்பில் அது ஆடுகிற மாதிரி தெரியும், ஆனால் தடிக்காது. புதிதாய் வேலைக்கு வருகிறவர்கள் ஏமாறுவது இங்கேதான். மாதங்கள் போனால் அந்த இடம் மெலிந்து, திரையில் வெளுப்பாகத் தெரியும். அது தழும்பு, நாரும் கொலாஜனும். சிலருக்கு நுனி பலூன் மாதிரி வெளியே உப்பும். அந்தக் குழிவில் ரத்தம் தேங்கி உறைந்து கட்டியாகும். அந்தக் கட்டி உடைந்து மூளைக்குப் போனால் பக்கவாதம். நுனியில் கட்டி பார்த்தால் ரிப்போர்ட் எழுதும்வரை காத்திருக்க மாட்டோம், உடனே போனைத்தான் எடுப்போம்.

வந்த புதிதில் என்னைத் திகைக்கவைத்தது நோயாளிகளின் வயது. சென்னையிலும் இளைஞர்களைப் பார்த்திருக்கிறேன். ஆனால் இங்கே நாற்பதைத் தொடாதவர்கள் சி.சி.யு. என்ற இதயத் தீவிர சிகிச்சைப் பிரிவில் வரிசையாகப் படுத்திருந்தார்கள். 52 நாடுகளில் நடந்த இன்டர்ஹார்ட் ஆய்வின் கணக்கில் தெற்காசியர்களுக்கு முதல் மாரடைப்பு வரும் சராசரி வயது 53. மற்ற நாட்டவருக்கு 58.8. குவைத்தின் முகம்மது சுபைத் முதலான வளைகுடா டாக்டர்கள் 2006-07-இல் ஆறு நாடுகளில் 'கல்ஃப் ரேஸ்' என்ற பெயரில் பதிவேடு ஒன்றைத் தொடங்கினார்கள். அதிலும் வந்தவர்களின் வயது மேற்கத்திய நாடுகளைவிடச் சுமார் பத்து வருஷம் குறைவு. சிகரெட், சர்க்கரை, கொழுப்பு, ரத்த அழுத்தம் என்று காரணங்கள் புதிதில்லை. அதே இன்டர்ஹார்ட் ஒன்பது காரணங்களைப் பட்டியலிட்டு, முதல் மாரடைப்புகளில் 90 சதவீதத்தை அவற்றாலேயே விளக்கிவிடலாம் என்றது.

ஆனால் அந்தப் பட்டியலில் இல்லாத ஒன்று தொழிலாளர் கேம்பில் உண்டு. சோனாப்பூரிலோ முசஃபாவிலோ ஒருவரும் "நெஞ்சு வலிக்குது" என்று சொல்வதில்லை. "கேஸ் பிடிச்சிருக்கு" என்பார்கள். ரூம்காரர்கள் செவன்அப் வாங்கித் தருவார்கள், முதுகில் கோடாலித் தைலம் தேய்ப்பார்கள். காலையில் பஸ் வரும்போது ஏறவில்லை என்றால் ஒரு நாள் சம்பளம் போகும், ஃபோர்மேனுக்குப் பதில் சொல்ல வேண்டும், கேம்ப் பாஸ் சீட்டு கேட்பார். 998-க்குப் போன் செய்தால் ஆம்புலன்ஸ் வரும். அதை ஒரு போலீஸ் விவகாரமாகப் பார்த்துப் பயந்தவர்கள் நிறையப் பேர். டாக்ஸி பிடித்து, படியேறி, டோக்கன் எடுத்து, உட்கார்ந்து காத்திருந்து வந்தவர்களின் இதயங்களைத்தான் நான் அதிகம் அளந்திருக்கிறேன்.

அவர்களுக்கு அந்தக் காலத்தில் கொடுத்தது ஒரு புரதம். புரத மருத்துவம் என்றால் ஏதோ நாளைய அதிசயம் என்று செய்திகள் எழுதுவதைப் பார்க்கும்போது எனக்குச் சிரிப்பு வரும். ஸ்ட்ரெப்டோகைனேஸ் ஒரு புரதம்தானே! தொண்டையில் புண் உண்டாக்கும் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் கிருமி சுரப்பது. 1933-இல் அமெரிக்காவில் வில்லியம் டில்லெட் ரத்தக்கட்டைக் கரைக்கும் அதன் குணத்தைக் கண்டார். மாரடைப்பில் அது உயிர் காக்கிறதா என்ற கேள்விக்கு 1986-இல்தான் தெளிவான பதில் கிடைத்தது. இத்தாலியின் கிஸ்ஸி ஆய்வு, 11,712 நோயாளிகள். ஊசி பெற்றவர்களில் 21 நாளில் இறந்தவர்கள் 10.7 சதவீதம், பெறாதவர்களில் 13. வலி தொடங்கிய ஒரு மணி நேரத்துக்குள் ஊசி ஏறியவர்களை மட்டும் எடுத்தால் இறப்பு கிட்டத்தட்டப் பாதியாகக் குறைந்திருந்தது. ஆறு மணி நேரத்துக்குமேல் வந்தவர்களுக்குப் பலன் தேய்ந்துபோயிருந்தது.

15 லட்சம் யூனிட்டை ஒரு மணி நேரத்தில் சொட்டுச்சொட்டாக ஏற்றுவார்கள். பாதியில் ரத்த அழுத்தம் சரியும். மலையாளி சிஸ்டர்கள் சொட்டைக் குறைத்து, காலைத் தூக்கிவைத்து, மறுபடி கூட்டி, ஈ.சி.ஜி.யையும் நோயாளியின் முகத்தையும் மாறிமாறிப் பார்த்துக்கொண்டு நிற்பார்கள். கிருமியின் புரதம் என்பதால் உடம்பு அதற்கு எதிரணு செய்து வைத்துக்கொள்ளும். அதனால் ஒருமுறை போட்டவருக்கு இன்னொருமுறை போட முடியாது. டிஸ்சார்ஜ் சீட்டில் பெரிய எழுத்தில் குறித்து அனுப்புவார்கள். இந்தியாவில் இதை உள்நாட்டிலேயே தயாரிக்கும் வழியைச் சண்டிகரின் இம்டெக் நிறுவனத்தில் கிரீஷ் சாஹ்னி குழுவினர் உருவாக்கினார்கள்.

பிறகு வந்தது டெனெக்டிப்ளேஸ். நம் ரத்தக்குழாய்ச் சுவரே சுரக்கும் டி.பி.ஏ. என்ற புரதத்தை எடுத்து, அதன் அமினோ அமிலச் சங்கிலியில் மூன்று இடங்களைத் திருத்தி, சீன வெள்ளெலியின் சூலக உயிரணுக்களில் வளர்த்தெடுப்பது. திருத்தத்தால் இரண்டு லாபம். ரத்தத்தில் அதிக நேரம் தங்கும். ரத்தக்கட்டின் ஃபைப்ரின் இழைகளை இன்னும் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு, அங்கே இருக்கும் பிளாஸ்மினோஜனைத் தட்டியெழுப்பி இழைகளை அறுக்கவைக்கும். எடைக்கு ஏற்ப 30 முதல் 50 மில்லிகிராம், ஒரே தள்ளு, சில நொடிகள். அபுதாபியிலிருந்து 240 கிலோமீட்டர் தள்ளி ருவைஸில் ஒருவருக்கு நெஞ்சு அடைத்தால், அல்லது எண்ணெய் எடுக்கும் கடல் தீவு ஒன்றில் அடைத்தால், ஹெலிகாப்டருக்குக் காத்திருக்கும் நேரத்தில் தசையைக் காப்பாற்றுவது இந்த ஊசிதான். துபாயிலும் அபுதாபியிலும் தோஹாவிலும் இப்போது ஸ்டென்ட் வைக்கும் கேத் லேப் இரவு பகலாகத் திறந்திருக்கிறது. பலூனும் ஸ்டென்டும் ஊசியைவிட மேல் என்பதில் சந்தேகமில்லை. ஆனால் பாலைவனத்துத் தூரம் அப்படியேதான் இருக்கிறது.

ஊசி சீக்கிரம் ஏறியவருக்கும் தாமதமாக ஏறியவருக்கும் வித்தியாசத்தை எக்கோவில் கண்ணால் பார்க்கலாம். ஆனால் முதல் நாளே பார்க்க முடியாது. முதல் நாளில் இரண்டு பேருக்கும் முன்சுவர் அசையாமல்தான் இருக்கும். இதயத் தசை செத்துப்போகாமல் மரத்துப்போயும் நிற்கும். ரத்தம் திரும்பி வந்தபிறகும் பல நாட்கள், சில சமயம் வாரக்கணக்கில் வேலை செய்யாது. 1982-இல் பிரான்வால்டும் குளோனரும் இந்த நிலையை விரிவாக எழுதினார்கள். அதனால்தான் மூன்று மாதம் கழித்து மறுபடி எக்கோவுக்கு வரச்சொல்கிறோம். அப்போது 38 இருந்தது 48 ஆகியிருக்கும். குடும்பத்தார் நாகூருக்கு நேர்ந்துகொண்டதாகச் சொல்வார்கள், வேளாங்கண்ணிக்கு நேர்ந்துகொண்டதாகச் சொல்வார்கள், ஊரிலிருந்து வரவழைத்த மருதம்பட்டைப் பொடியைக் காட்டுவார்கள். நான் தலையாட்டுவேன். மரத்திருந்த தசை எழுந்துவிட்டது, அவ்வளவுதான்.

உண்மையிலேயே செத்த தசை எழாது. ஒரு பெரிய மாரடைப்பில் நூறு கோடி அளவுக்குத் தசை அணுக்கள் போய்விடும். மனித இதயம் புதிய அணுக்களை அடியோடு செய்யாது என்று நான் படித்த காலத்தில் சொல்லிக்கொடுத்தார்கள். அது தவறு என்று 2009-இல் ஸ்டாக்ஹோமில் யோனாஸ் ஃப்ரிசேன் குழு காட்டியது. அவர்கள் பயன்படுத்திய வழி எனக்கு மிகவும் பிடித்தது. 1950-களிலும் 60-களின் தொடக்கத்திலும் வல்லரசுகள் வானத்தில் வெடித்த அணுகுண்டுகளால் காற்றில் கார்பன்-14 கூடியது; அது சோறு வழியாக எல்லோர் உடம்பிலும் ஏறி, அப்போது பிறந்த அணுக்களின் டி.என்.ஏ.வில் தேதி முத்திரைபோலப் பதிந்தது. அதை வைத்து இதய அணுக்களின் வயதைக் கணக்கிட்டார்கள். 25 வயதில் ஆண்டுக்கு ஒரு சதவீதம் புதிதாகிறது. 75 வயதில் அதில் பாதிகூட இல்லை. இந்த வேகத்தில் ஒரு மாரடைப்பை நிரப்ப ஆயுள் போதாது.

ஆனால் சீப்ரா மீனால் முடிகிறது. கீழறையில் ஐந்தில் ஒரு பங்கை வெட்டி எடுத்தாலும் இரண்டு மாதத்தில் வளர்த்துக்கொள்கிறது என்று 2002-இல் காட்டினார்கள். பிறந்த முதல் நாள் எலிக்குட்டியாலும் முடியும். ஏழாம் நாள் அந்தத் திறமை போய்விடும். அப்படியானால் எங்கோ ஒரு பொத்தான் இருக்கிறது, அதை அழுத்தும் புரதத்தைக் கண்டுபிடித்து ஊசியில் ஏற்றிவிட்டால் போதும் என்ற நம்பிக்கை பிறந்ததில் ஆச்சரியம் என்ன?

எங்கள் பிரிவில் ஓர் எகிப்திய கன்சல்டன்ட் இருந்தார். வார விடுமுறைக்கு முந்தின மாலை எல்லோரையும் உட்காரவைத்து ஆய்வுக் கட்டுரைகளைப் படிக்கவைப்பார். டெக்னீஷியன்களுக்கும் விலக்கு கிடையாது. எண்ணைப் பிறப்பிக்கிறவனுக்கு அந்த எண்ணை வைத்து என்ன செய்கிறார்கள் என்று தெரிய வேண்டாமா என்பார். அப்படித்தான் இந்தப் புரதங்களின் வரலாறு எனக்கு அறிமுகமானது. ரத்தக்குழாய்களை முளைக்கவைக்கும் வி.இ.ஜி.எஃப்.: 178 பேரிடம் சோதித்த விவா ஆய்வு 2003-இல் வெளிவந்தது, 60 நாளில் மருந்தில்லாத வெறும் ஊசி போட்டவர்களும் அதே அளவுக்குக் கூடுதலாக நடந்தார்கள். எஃப்.ஜி.எஃப்.-2: 337 பேர், 90 நாளில் நடையில் வித்தியாசமில்லை. சிவப்பணுக்களைப் பெருக்கும் எரித்ரோபொயட்டின் எலிகளின் இதயத்தைக் காப்பாற்றியது. 2011-இல் வந்த ரிவீல் ஆய்வில் 222 நோயாளிகளிடம் தழும்பைக் குறைக்கவில்லை, பக்கவிளைவுகளைத்தான் கூட்டியது. நியூரெகுலின்: சீனாவில் 44 இதயச் செயலிழப்பு நோயாளிகளுக்கு 10 நாள் நரம்பில் ஏற்றி, பம்பிங் ஏறியதாக 2010-இல் எழுதினார்கள். அது இன்னும் என் மருந்து அலமாரிக்கு வரவில்லை.

ஏன் தோற்றன என்பதில் ஒரு பகுதி எளிது. புரதத்தை மாத்திரையாகக் கொடுத்தால் வயிறு இறைச்சியைப்போலச் செரித்துவிடும். ரத்தத்தில் விட்டால் நிமிஷங்களிலோ சில மணிகளிலோ கழுவிக்கொண்டு போய்விடும், போகிற வழியில் ரத்த அழுத்தத்தையும் தள்ளிவிடும். நேராகத் தசையில் குத்தினால், நிமிஷத்துக்கு எழுபது முறை பிழியும் தசை பெரும்பகுதியை வெளியே பீய்ச்சிவிடும். கட்டை அறுக்கும் புரதத்துக்கு அரைமணி நேர வேலைதான், வந்த வேலை முடிந்தால் போய்விடலாம். வளர்க்கும் புரதம் வாரக்கணக்கில் அந்த இடத்திலேயே தங்க வேண்டும்.

இன்னொரு பகுதி என் கையைப் பற்றியது. அந்த கன்சல்டன்ட் ஒரு மாலை ரிப்பேர்-ஏ.எம்.ஐ. ஆய்வை எடுத்தார். அது புரதம் அல்ல, எலும்பு மஜ்ஜை அணுக்களைக் குழாய் வழியே செலுத்தியது. 2006, ஜெர்மனி, 204 நோயாளிகள். அணுக்களைப் பெற்றவர்களின் பம்பிங் நான்கு மாதத்தில் 5.5 புள்ளி ஏறியது. உலகமெங்கும் கொண்டாட்டம். வெறும் திரவம் பெற்றவர்களுக்கு எவ்வளவு என்று எங்களைக் கேட்டார். யாருக்கும் தெரியவில்லை. 3 புள்ளி என்றார். மரத்த தசை தானாக எழுந்த கணக்கு அது. மிஞ்சியது 2.5. அவர்கள் அளந்தது சாயம் செலுத்தி எடுக்கும் எக்ஸ்ரேயில், சராசரியும் நூறு நூறு பேருடையது. அதனால் புள்ளியியலில் அது செல்லும். ஆனால் ஒரு மனிதனை என் முன் படுக்கவைத்து அவனுக்கு 2.5 ஏறியதா என்று கேட்டால், என்னால் மட்டுமல்ல, எந்த டெக்னீஷியனாலும் சொல்ல முடியாது. அன்றிலிருந்து செய்தித்தாளில் "இதயத் திறன் 20 சதவீதம் முன்னேற்றம்" என்று வந்தால் முதலில் பார்ப்பது எதில் 20 சதவீதம் என்பதைத்தான். 30 இருந்தது 36 ஆனாலும் 20 சதவீத முன்னேற்றம்தான். அடுத்துப் பார்ப்பது, வெறும் ஊசிக்காரர்களுக்கு எவ்வளவு ஏறியது.

இதற்காக ஆராய்ச்சியாளர்களை நான் குறை சொல்ல மாட்டேன். அவர்களும் இதைத் தெரிந்துகொண்டு எக்கோவை விட்டு எம்.ஆர்.ஐ.க்குப் போய்விட்டார்கள், காடோலினியம் செலுத்தித் தழும்பைக் கிராம் கணக்கில் நிறுக்கிறார்கள். புரதத்தைத் தங்கவைக்கவும் வழி தேடுகிறார்கள். 2015-இல் ஸ்டான்ஃபோர்டின் பிலார் ரூயிஸ்-லொசானோ குழு எஃப்.எஸ்.டி.எல்.1 என்ற புரதத்தைக் கொலாஜன் ஒட்டில் ஊறவைத்து இதயத்தின் மேலேயே தைத்தது. எலியிலும் பன்றியிலும் தசை அணுக்கள் பிரிந்தன. 2025-இல் நெதர்லாந்தின் ஹூப்ரெக்ட் நிறுவனம் சீப்ரா மீன் பயன்படுத்தும் எச்.எம்.ஜி.ஏ.1 புரதத்தை எலியின் காயப்பட்ட இதயத்தில் உண்டாக்கிப் பார்த்தது. காயத்தின் ஓரத்தில் மட்டும் அணுக்கள் பிரிந்தன, நல்ல பகுதியைத் தொடவில்லை. அந்தச் செய்தி வெளியான வாரம் என் வாட்ஸப்பில் மீன் படம் போட்ட ஃபார்வர்டுகள் குவிந்தன. இதயத்துக்கு எந்த மீன் நல்லது என்று ஒருவர் கேட்டிருந்தார்.

சான் டியேகோவில் கேரன் கிறிஸ்ட்மன் செய்வது எனக்கு இன்னும் சுவாரஸ்யம். பன்றியின் இதயத்திலிருந்து அணுக்களையெல்லாம் கழுவியெடுத்து, மிஞ்சும் புரதச் சட்டகத்தைக் கரைத்து, ஊசியில் ஏற்றக்கூடிய ஜெல்லாக ஆக்குகிறார். உடம்புச் சூட்டில் அது தழும்புக்குள்ளேயே உறைந்து நின்றுகொள்ளும். 15 பேரிடம் செய்த முதல் கட்டச் சோதனை 2019-இல் வெளிவந்தது. பாதுகாப்பாக இருந்தது என்பதே அதன் முக்கியச் செய்தி. இதை எங்கள் மாலைக் கூட்டத்தில் பேசியபோது ஒரு சூடானிய நர்ஸ் உடனே கேட்டார்: இங்கே யாருக்குப் போடுவீர்கள்? அறை அமைதியாகிவிட்டது. கன்சல்டன்ட் சிரித்துக்கொண்டே, நீ தினமும் ஏற்றுகிற ஹெப்பாரின் எதிலிருந்து வருகிறது என்று திருப்பிக் கேட்டார். பன்றிக் குடலிலிருந்துதான். பன்றி வால்வுகளும் வளைகுடாவில் வைக்கப்பட்டிருக்கின்றன. 1995-இல் குவைத்தில் மார்க்க அறிஞர்களும் டாக்டர்களும் கூடி, பன்றி எலும்பிலிருந்து வரும் ஜெலட்டினைப்போலப் பொருள் முற்றிலும் உருமாறிவிட்டால் அது தூய்மையானதே என்று முடிவு சொன்னார்கள். உயிருக்கு ஆபத்து என்றால் நிர்ப்பந்தத்தின் சட்டமும் இருக்கிறது. நம் ஊர் சைவக்காரர்களுக்கு இப்படி உட்கார்ந்து முடிவெடுக்க ஒரு சபை இல்லை. அவர்களுக்கும் அதே ஹெப்பாரின்தான் ஏறுகிறது, யாரும் கேட்பதுமில்லை, சொல்வதுமில்லை.

ஐந்து புள்ளி ஏற்றும் புரதம் ஒன்று வந்தால் மேற்கத்திய நாட்டு நோயாளிக்கு அது மாடிப்படி மூச்சுவாங்காமல் ஏறுவதாக இருக்கலாம். இங்கே அதன் கணக்கு வேறு. சாரம் கட்டுகிறவர், கம்பி கட்டுகிறவர், டிரெய்லர் ஓட்டுகிறவர் ஆகியோரின் ரிப்போர்ட்டில் 32 என்று இருந்தால் கம்பெனி டாக்டர் கனமான வேலைக்குத் தகுதியில்லை என்று எழுதுவார். லேசான வேலை இருக்கிற கம்பெனியும் உண்டு, ஸ்டோரில் உட்காரவைப்பார்கள். இல்லாத கம்பெனியில் செட்டில்மென்ட் போட்டு டிக்கெட் எடுத்துவிடுவார்கள். துபாயில் 2013-ஆம் ஆண்டின் 11-ஆம் எண் சட்டம் வந்தபின் எல்லோருக்கும் காப்பீடு கட்டாயமாகி, அடிப்படைத் திட்டத்தில்கூட ஆண்டுக்கு ஒன்றரை லட்சம் திர்ஹம் வரை உண்டு. ஷார்ஜா முதல் ஃபுஜைரா வரையிலான வட எமிரேட்டுகளின் தனியார் தொழிலாளர்களுக்கு அந்தக் கட்டாயம் 2025 ஜனவரியில்தான் வந்தது. காப்பீடு விசாவோடு ஒட்டியது. விசா போனால் அதுவும் போகும்; மாதாமாதம் மாத்திரைக்கு வழியில்லாமல் திருச்சியில் இறங்குவார்கள்.

அதனால் இருட்டறையில் பேரம் நடக்கும். "சார், நாப்பதுன்னு போடுங்க சார். ரெண்டு வருஷ லோன் இருக்கு." முப்பத்தெட்டு வயதிருக்கும் அவருக்கு. அறந்தாங்கிப் பக்கம். திரையில் நுனி முழுக்க அசையாமல் நிற்கிறது. நாற்பது போட்டால் அவர் மறுபடி பதினாறாவது மாடியில் சாரத்தில் நிற்பார். இன்னொருவர் நேர்மாறாகக் கேட்டார்: குறைத்துப் போட்டால் நஷ்டஈடு கிடைக்குமாமே என்று. இரண்டு பேருக்கும் ஒரே பதில்தான் என்னால் சொல்ல முடிந்தது. எண்ணில் கைவைக்க முடியாது, ஆனால் மூன்று மாதம் கழித்து மறுபடி எடுக்கும்வரை இறுதி முடிவு எடுக்க வேண்டாம் என்று டாக்டரை எழுதச் சொல்கிறேன். எழுதினார். 5 புள்ளி முன்னே பின்னே வரும் ஓர் எண்ணை வைத்து, அதுவும் தசை மரத்திருக்கும் முதல் வாரத்திலேயே, ஒருவனுடைய டிக்கெட்டை முடிவுசெய்வது அநியாயம் என்பது என் கருத்து. அதை எங்கு வேண்டுமானாலும் சொல்வேன்.

சமீபத்தில் பரமக்குடிக்காரர் ஒருவர் மறு எக்கோவுக்கு வந்தார். ஸ்டீல் ஃபிக்ஸர். தொலைவில் ஒரு சைட்டில் வேலை. வலி வந்த முக்கால் மணி நேரத்தில் சைட் கிளினிக்கில் ஈ.சி.ஜி. எடுத்து டெனெக்டிப்ளேஸ் போட்டுவிட்டார்கள், மறுநாள் நகரத்துக்குக் கொண்டுவந்து ஸ்டென்ட். முதல் எக்கோவில் 39. இப்போது முன்சுவர் முழுக்கத் தடிக்கிறது. 53 என்று அளந்தேன், நம்பாமல் இரண்டாவது தடவையும் கோடு வரைந்தேன்.

"அந்த ஊசி பேரு எழுதிக் குடுங்கண்ணே. இதயத்தை வளக்குதுல்ல. ஊர்ல எங்க அண்ணனுக்கு ரெண்டு வருஷம் முந்தி அட்டாக் வந்துச்சு, பம்பிங் முப்பதுதான். வாங்கி அனுப்பலாம்னு இருக்கேன்."

வளர்க்கவில்லை தம்பி, சாகாமல் காப்பாற்றியது, அண்ணனுக்கு இப்போது போட்டுப் பயனில்லை என்றேன். முகம் விழுந்துவிட்டது. அண்ணனுக்கு மறுபடி வலி வந்தால் தைலம் தேய்க்காமல் உடனே 108-க்கு அடிக்கச் சொல் என்றேன். ஆரம்ப சுகாதார நிலையத்தில்கூட இப்போது இதயம் காப்போம் திட்டத்தில் முதல் வேளை மாத்திரைகள், மொத்தம் 14, அங்கேயே கையில் கொடுத்து விழுங்கவைத்துத்தான் அனுப்புகிறார்கள். கோவையின் டாக்டர் தாமஸ் அலெக்சாண்டரும் சென்னையின் டாக்டர் அஜித் முல்லசாரியும் சிறிய ஆஸ்பத்திரிகளையும் கேத் லேப் உள்ள பெரிய ஆஸ்பத்திரிகளையும் இணைத்து, சின்ன இடத்தில் ஊசி, பெரிய இடத்தில் ஸ்டென்ட் என்று தமிழ்நாட்டில் நடத்திய திட்டத்தில் ஓராண்டு இறப்பு 17.6 சதவீதத்திலிருந்து 14.2-க்கு இறங்கியது. எந்தப் புதுப் புரதமும் இல்லாமல், இருக்கிற புரதத்தை நேரத்துக்குப் போட்டே.

"அவருக்குத்தான் போன தடவ ராம்நாட்ல ஏதோ ஊசி போட்டாங்களே. அதையே திரும்பப் போடுவாங்களா?"

நல்ல கேள்வி. ஸ்ட்ரெப்டோகைனேஸ் என்றால் போடக்கூடாது, டெனெக்டிப்ளேஸ் என்றால் போடலாம். டிஸ்சார்ஜ் சீட்டில் எழுதியிருக்கும். அண்ணிக்குப் போன் போட்டு அந்தச் சீட்டைத் தேடி எடுக்கச் சொல், போட்டோ எடுத்து இருவர் போனிலும் வைத்துக்கொள்ளுங்கள் என்றேன். ஜெல்லைத் துடைத்துக்கொண்டே அங்கேயே போனை எடுத்தார். பீரோவில் இல்லையாம், ரேஷன் கார்டு வைத்திருக்கும் மஞ்சப் பையில் பார்க்கிறேன் என்றார்களாம்.